உட்பொதி போர்டுகளுக்கான மென்பொருள் உருவாக்கச் சூழல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை முதன்முதலாகக் கணினியில் செருகும்போது எழும் ஐயங்களில் பெரும்பாலானவை நிரலைப் பற்றியவை அல்ல, நிரலை எழுதி, மொழிமாற்றி, சிப்பில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்ப்பதற்கான கருவிகளைப் பற்றியவை. இக்கருவிகளின் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: போர்டு பேசாமல் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகச் சோதித்து உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குச் செல்வதே இப்பக்கம் முழுவதும் வலியுறுத்தப்படும் முறை. சி, சி++ மொழிகளில் கார்டெக்ஸ்-எம் (மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான ஆர்ம் செயலி) வகைச் சிப்களுக்கு நிரல் எழுதுவோரை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. லினக்ஸ் ஓடும் போர்டுகளுக்கென ஒரு கேள்வி தனியே உண்டு.

என் கணினியில் ஏற்கெனவே ஜி.சி.சி. கம்பைலர் உள்ளது. அதையே பயன்படுத்தலாமா?

முடியாது. உங்கள் கணினியில் உள்ள கம்பைலர் அந்தக் கணினியின் செயலிக்கான கட்டளைகளையே உருவாக்கும். போர்டில் இருப்பது வேறு செயலி. ஒரு செயலியில் ஓடிக்கொண்டு மற்றொரு செயலிக்கான கட்டளைகளை உருவாக்கித் தரும் குறுக்குக் கம்பைலர் ஒன்று இங்கே தேவை.

கார்டெக்ஸ்-எம் சிப்களுக்கு வழக்கமாகப் பயன்படுவது ஆர்ம்-நன்-இ.ஏ.பி.ஐ. என்ற பெயரில் தொடங்கும் ஜி.சி.சி. தொகுப்பு. அந்தப் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடுகிறது: முதற்பகுதி செயலியின் வகை, ‘நன்’ என்பது போர்டில் இயங்குதளம் எதுவும் இல்லை என்பதன் குறி, இறுதிப்பகுதி செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையைக் குறிக்கும் உடன்பாடு. இதே பெயரில் நடுவே ‘லினக்ஸ்’ என்ற சொல் இருந்தால் அது லினக்ஸ் ஓடும் ஆர்ம் போர்டுகளுக்கானது. இரண்டும் ஆர்ம்தானே என்று எண்ணி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நிறுவுவோர் பலர். அப்படி நிறுவினால் மூலநிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகவும் கூடும். ஆனால் இணைக்கப்படும் நூலகங்கள் கீழே லினக்ஸ் கெர்னல் இருப்பதாக எதிர்பார்ப்பதால், இயங்குதளமே இல்லாத சிப்பில் அந்த நிரல் ஓடாது.

ஏ.வி.ஆர்., ரிஸ்க்-ஃபைவ், தொடக்ககால இ.எஸ்.பி.32 சிப்களில் உள்ள எக்ஸ்டென்சா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறுக்குக் கம்பைலர்கள் உள்ளன.

எந்த ஐ.டி.இ. சிறந்தது?

ஐ.டி.இ. என்பது எடிட்டர், கம்பைலர், டீபக்கர் (நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவி) ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தரும் நிரல். இக்கேள்வியைக் கடைசியில் கேட்பதே நல்லது. எடிட்டர் என்பது இத்தொடரில் எளிதாக மாற்றக்கூடிய பகுதி. சிப் நிறுவனங்கள் தரும் எக்லிப்ஸ் சார்ந்த ஐ.டி.இ.க்கள், வி.எஸ். கோடு, பிளாட்ஃபார்ம் ஐ.ஓ., ஆர்டுயினோ ஐ.டி.இ. ஆகிய அனைத்தும் உள்ளே அழைப்பது ஏறத்தாழ ஒரே வகைக் கம்பைலரையும் ஒரே வகை டீபக்கரையும்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடுகிறது என்பது வசதி. ஆனால் நடக்காதபோது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அந்தப் பொத்தான் சொல்வதில்லை. எனவே தொடக்கத்தில் ஒருமுறையேனும் டெர்மினலில் கட்டளைகளை நீங்களே அடித்து, கம்பைல் செய்வது, சிப்பில் ஏற்றுவது, சீரியலில் பார்ப்பது, டீபக்கரை இணைப்பது என்ற நான்கையும் தனித்தனியே செய்து பாருங்கள். அதன் பின் எந்த ஐ.டி.இ.யைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் எதற்கானது என்பது விளங்கும்.

முதற்சோதனைக்கு உங்கள் சொந்த நிரலை எடுக்காதீர்கள். போர்டின் தயாரிப்பாளர் ஏற்கெனவே கம்பைல் செய்து தந்திருக்கும் எல்.இ.டி. மினுக்கும் கோப்பை அப்படியே ஏற்றுங்கள். அது ஓடினால் போர்டு, கேபிள், ஏற்றும் கருவி ஆகிய மூன்றும் சரி என்று பொருள். அடுத்து அதே எடுத்துக்காட்டின் மூலநிரலை உங்கள் கணினியில் கம்பைல் செய்து ஏற்றுங்கள். இப்போது ஓடவில்லையென்றால் பழுது கம்பைலரிலோ அதன் அமைப்பிலோதான் உள்ளது. தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றில் எது ஏற்றது?

மூன்றிலும் வேலை நடக்கும். லினக்ஸில் கருவிகளை நிறுவுவது எளிது, சாதன அனுமதிகளில் மட்டும் கவனம் வேண்டும். மேக்கில் ஒரே சீரியல் சாதனம் ‘டி.டி.ஒய்.’ என்றும் ‘சி.யு.’ என்றும் இரு பெயர்களில் தோன்றும். இரண்டாவதையே திறக்க வேண்டும், ஏனெனில் முதலாவது எதிர்முனையிலிருந்து ஓர் இணைப்புக் குறிகை வரும் வரை காத்து நின்றுவிடக்கூடும்.

விண்டோஸில் டபிள்யு.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக லினக்ஸ் கருவிகளைப் பயன்படுத்துவோர், அதற்குள் யு.எஸ்.பி. சாதனங்கள் தாமாகத் தெரியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யு.எஸ்.பி.ஐ.பி.டி. என்ற கருவியைக் கொண்டு சாதனத்தை உள்ளே அனுப்பலாம். ஆயினும் ரீசெட் ஆகும்போது யு.எஸ்.பி. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையும் போர்டுகளில் இது தொல்லையாகிவிடும். கம்பைல் செய்வதை டபிள்யு.எஸ்.எல்.லிலும், சிப்பில் ஏற்றுவதை விண்டோஸ் பக்கத்திலும் வைத்துக்கொள்வது மன அமைதிக்கு நல்லது.

போர்டைச் செருகியும் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. என்ன செய்வது?

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான யு.எஸ்.பி. கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. போர்டின் மின்விளக்கு எரியும், கணினியோ எதையும் காணாது. விளக்கு எரிவதால் கேபிள் நன்றாக உள்ளது என்று முடிவு செய்துவிட்டு டிரைவரைத் தேடி அலைவதே இங்கே பெரும்பாலும் நடப்பது.

கேபிள் சரியெனில், லினக்ஸில் கெர்னலின் செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டைச் செருகிப் பாருங்கள். புதிய சாதனம் பற்றிய வரி வந்தால் வன்பொருள் இணைப்பு உள்ளது, குறை அனுமதியில்தான். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பயனர் ‘டயலவுட்’ குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். எஸ்.டி.-லிங்க் போன்ற டீபக் புரோப்கள் (கணினியின் டீபக்கரைச் சிப்புடன் இணைக்கும் கருவிகள்) சீரியல் சாதனங்கள் அல்ல. அவற்றுக்கு யுடெவ் விதிக்கோப்பு (சாதன அனுமதிகளை லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) தனியே தேவை, பெரும்பாலும் புரோப்பை இயக்கும் ஓப்பன் ஓ.சி.டி. தொகுப்புடனேயே அது வந்துவிடும். நிர்வாகி உரிமையுடன் கட்டளையை ஓட்டி இச்சிக்கலைத் தாண்டிச் செல்லும் பழக்கத்தைத் தவிருங்கள். நிர்வாகிக்குச் சொந்தமான கோப்புகள் பில்டு கோப்புறையில் உருவாகி, பிறகு வேறு வடிவில் தொல்லை தரும்.

சீரியல் டெர்மினலில் எழுத்துகள் குப்பையாக வருகின்றன. வேகம் இரு பக்கமும் 115200 என்றே வைத்துள்ளேன்.

எதுவுமே வராமல் இருப்பதைவிட இது நல்ல அறிகுறி. கம்பி இணைப்பு சரியாக உள்ளது, நிரல் ஓடுகிறது, வேகம் மட்டுமே பொருந்தவில்லை. நீங்கள் நிரலில் 115200 என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரு வகுத்தல் கணக்குக்கான உள்ளீடு. சிப்பின் கடிகார அதிர்வெண்ணை அந்த எண்ணால் வகுத்தே பதிவகத்தில் இட வேண்டிய மதிப்பு பெறப்படுகிறது. போர்டில் கடிகாரத் துடிப்பைத் தரும் 8 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருக்க, நிரல் அதை 12 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணியிருந்தால், கடிகாரம் மூன்றில் இரண்டு பங்கு வேகத்திலேயே ஓடும். அப்போது வெளியே வரும் வேகம் 76800.

இதை அளவுகருவி எதுவுமின்றிக் கண்டறியலாம். விநாடிக்கு ஒருமுறை எல்.இ.டி.யை மினுக்கும் நிரலை ஏற்றி, 60 முறை மினுங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குப் பதில் ஒன்றரை நிமிடம் ஆனால், படிகத்தின் மதிப்பு நிரலில் தவறாக உள்ளது என்பது உறுதி. வேறொரு போர்டுக்கான திட்டத்தை நகலெடுத்துத் தொடங்கும்போது இத்தவறு மிக எளிதில் நேர்கிறது.

எழுத்தே வராவிட்டால், ஒரு பக்கத்தின் அனுப்பும் முனை மறுபக்கத்தின் பெறும் முனையுடன் இணைந்துள்ளதா, இரு பக்கத்துக் கிரவுண்டும் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். 3.3 வோல்ட் சிப்பின் முனையில் 5 வோல்ட் சீரியல் மாற்றியை இணைக்கும் முன் அந்த முனை 5 வோல்ட்டைத் தாங்குமா என்று சிப்பின் தரவுத்தாளில் பார்த்துவிடுங்கள்.

லிங்கர் ஸ்கிரிப்ட் என்றால் என்ன? அதை நான் தொட வேண்டுமா?

கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி லிங்கர், அதற்கான அறிவுறுத்தல் கோப்பே லிங்கர் ஸ்கிரிப்ட். கணினியில் நிரல் எழுதுவோருக்கு இக்கோப்பு கண்ணில் படுவதே இல்லை. நிரலை நினைவகத்தில் எங்கே வைப்பது என்பதை அங்கே இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. மைக்ரோகன்ட்ரோலரில் அந்த முடிவை எடுக்க யாருமில்லாததால், ஃபிளாஷ் எங்கே தொடங்குகிறது, ராம் எவ்வளவு, எந்தப் பகுதி எங்கே அமர வேண்டும் என்பதை இக்கோப்பு லிங்கருக்குச் சொல்கிறது. பெரும்பாலும் இதைத் திருத்தத் தேவையில்லை. ஆனால் உங்கள் சிப்புக்கு உரியதுதானா என்று சரிபார்க்காமல் விடவே கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் சென்று பார்ப்போம். எஸ்.டி.எம்.32 எஃப்103சி8 சிப்பில் 64 கிலோபைட் ஃபிளாஷும் 20 கிலோபைட் ராமும் உள்ளன. பதினாறு அடிமான எண்களில் ஃபிளாஷ் 08000000 முகவரியிலும் ராம் 20000000 முகவரியிலும் தொடங்குகின்றன. நீங்கள் உருவாக்கிய பைனரி கோப்பை ஹெக்ஸ் வியூவரில் திறந்தால், முதல் 4 பைட்டுகள் 00 50 00 20 என்று இருக்கக் காணலாம். கடைசி பைட்டிலிருந்து முன்னோக்கிப் படித்தால் அது 20005000. பதினாறு அடிமானத்தில் 5000 என்பது 20 கிலோபைட். ஆகவே இது ராமின் உச்சி, ஸ்டாக் (செயற்கூறுகளின் தற்காலிக மதிப்புகள் அடுக்கப்படும் பகுதி) தொடங்கும் இடம். அடுத்த 4 பைட்டுகள் 41 01 00 08 என்று இருந்தால், அது 08000141: ரீசெட் ஆனவுடன் ஓட வேண்டிய செயற்கூறின் முகவரி. முகவரி ஒற்றைப்படை எண்ணாக இருப்பது பிழையன்று. கார்டெக்ஸ்-எம் செயலிகள் தம்ப் வகைக் கட்டளைகளை மட்டுமே ஓட்டுவதால், அதைக் குறிக்கக் கடைசி பிட் 1 என்று வைக்கப்படுகிறது, செயற்கூறு உண்மையில் இருப்பது 08000140-இல்.

சிப் மின்சாரம் பெற்றவுடன் செய்யும் முதல் வேலை இந்த 8 பைட்டுகளைப் படிப்பதுதான். 64 கிலோபைட் ராம் கொண்ட வேறொரு சிப்பின் லிங்கர் ஸ்கிரிப்டை நீங்கள் எடுத்திருந்தால், முதல் 4 பைட்டுகள் 00 00 01 20 என்று இருக்கும். அதாவது ராமே இல்லாத இடத்தில் ஸ்டாக் அமர்ந்திருக்கும். கம்பைலர் எச்சரிக்காது, லிங்கர் எச்சரிக்காது, ஏற்றும் கருவியும் வெற்றி என்றே சொல்லும். ஸ்டாக்கில் முதல் மதிப்பை எழுத முற்படும் நொடியில் நிரல் வீழ்ந்துவிடும், உங்கள் ‘மெயின்’ செயற்கூறை எட்டியிருக்கவே மாட்டாது. ஏற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த 8 பைட்டுகளைத்தான்.

கம்பைல் முடிந்ததும் வரும் ‘டெக்ஸ்ட்’, ‘டேட்டா’, ‘பி.எஸ்.எஸ்.’ எண்கள் எதைக் குறிக்கின்றன?

டெக்ஸ்ட் என்பது கட்டளைகளும் மாறிலிகளும். டேட்டா என்பது தொடக்க மதிப்பு தரப்பட்ட மாறிகள். பி.எஸ்.எஸ். என்பது சுழியத்தில் தொடங்கும் மாறிகள். டேட்டா இரு இடங்களிலும் கணக்கில் சேரும், ஏனெனில் அதன் தொடக்க மதிப்புகள் ஃபிளாஷில் இருந்து, நிரல் தொடங்கும்போது ராமுக்கு நகலெடுக்கப்படுகின்றன. எண்கள் முறையே 6120, 108, 1600 எனில், ஃபிளாஷில் 6228 பைட்டுகளும் ராமில் 1708 பைட்டுகளும் செலவாகின்றன. ஸ்டாக்கும், ஹீப்பும் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதி) இந்த 1708-இல் அடங்காதவை.

கம்பைல் ஆகிறது, ஆனால் லிங்க் ஆகும்போது நான் எழுதாத பெயர்களைக் காணவில்லை என்கிறது.

‘எஸ்.பி.ஆர்.கே.’, ‘ரைட்’ போன்ற பெயர்களாக இருக்கும். பிரின்ட்எஃப், மாலக் போன்றவற்றை நீங்கள் பயன்படுத்தியதும், அவற்றைத் தரும் நியூலிப் என்ற சி நூலகம் கீழிருந்து சில அடிப்படைச் சேவைகளை எதிர்பார்க்கிறது. அவற்றைத் தருவதற்கு இயங்குதளம் இல்லாததால், வெற்று வடிவங்களையாவது நீங்கள் தர வேண்டும். ‘ரைட்’ செயற்கூறை உங்கள் சீரியல் முனைக்குத் திருப்பி எழுதிவிட்டால், பிரின்ட்எஃப் நேராக டெர்மினலில் தோன்றும். நியூலிப்-நானோ என்ற சிறிய வடிவத்தில் தசம எண்களை அச்சிடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தசம எண் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் காரணம் அதுதான்.

மற்றொரு வகைப் பிழை, மிதவைப்புள்ளிப் பதிவகங்களைப் பற்றிப் புகார் செய்யும். உங்கள் கோப்புகளில் சில வன்பொருள் மிதவைப்புள்ளி முறையிலும், சில மென்பொருள் முறையிலும் கம்பைல் ஆகியிருந்தால் இது வரும். செயலி, மிதவைப்புள்ளி ஆகியவை பற்றிய அமைப்புகளை ஒரே இடத்தில், சிமேக் (பில்டு அமைப்புக் கருவி) பயன்படுத்துவோர் எனில் டூல்செயின் கோப்பில், எழுதி வைத்தால் எல்லாக் கோப்புகளுக்கும் அவை ஒன்றுபோலச் செல்லும்.

டீபக் புரோப் கட்டாயமா? பிரின்ட்எஃப் போதாதா?

எல்.இ.டி. மினுக்கும் அளவுக்குப் போதும். அதைத் தாண்டினால் புரோப் இல்லாமல் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். நிரல் ஹார்டுஃபால்ட்டில் (செயலி தொடர முடியாத பிழைநிலை) விழும்போது பிரின்ட்எஃப் எதையும் சொல்லாது. புரோப் இருந்தால் செயலியை அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்த வரியில் நின்றது, பதிவகங்களில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். பல மதிப்பீட்டு போர்டுகளில் புரோப் போர்டிலேயே அமைந்திருக்கும். ராஸ்பெரி பை பிகோ வைத்திருப்போர், மற்றொரு பிகோவையே புரோப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

இணைப்பு முறைகள் இரண்டு. ஜேடேக் 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரமாக வெளியானது. அதற்கு 4 குறிகைக் கம்பிகள் தேவை. ஆர்ம் சிப்களில் உள்ள எஸ்.டபிள்யு.டி. முறைக்கு 2 குறிகைக் கம்பிகள் போதும். கிரவுண்டைச் சேர்த்தே இணைக்க வேண்டும், ரீசெட் கம்பியையும் இணைத்துவிட்டால் பின்னால் உதவும். புரோப்புக்கும் ஜி.டி.பி. டீபக்கருக்கும் நடுவே ஓப்பன் ஓ.சி.டி. போன்ற ஒரு சேவை நிரல் ஓட வேண்டும். அது இயல்பாக 3333 என்ற போர்ட்டில் ஜி.டி.பி.க்காகவும், 4444-இல் நேரடிக் கட்டளைகளுக்காகவும் காத்திருக்கும். ஐ.டி.இ.யில் டீபக் வேலை செய்யாதபோது, அதை மூடிவிட்டு ஓப்பன் ஓ.சி.டி.யை டெர்மினலில் தனியே ஓட்டிப் பாருங்கள். சிப்பைக் கண்டதா இல்லையா என்பதை அதன் முதல் சில வரிகளே சொல்லிவிடும்.

ஃபிளாஷில் ஓடும் நிரலுக்கு வன்பொருள் பிரேக்பாயின்ட்டுகளே (நிரலை நிறுத்தக் குறிக்கும் இடங்கள்) பயன்படுவதால் அவற்றின் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது: கார்டெக்ஸ்-எம்3, எம்4 செயலிகளில் பொதுவாக 6, எம்0 வகையில் அதிகபட்சம் 4. செமிஹோஸ்டிங் (புரோப் மூலம் கணினியின் திரையைப் பயன்படுத்தும் முறை) வழியாக அச்சிடும் நிரல், புரோப் இணைந்திருக்கும் வரை ஒழுங்காக ஓடி, கழற்றியதும் நின்றுவிடும். டீபக்கரில் ஓடுகிறது, தனியே ஓடவில்லை என்ற நிலைக்கு முதலில் இதையே ஐயுறுங்கள்.

டீபக்கர் வரிகளைத் தாண்டித் தாண்டிச் செல்கிறது. மாறியின் மதிப்பையும் காட்ட மறுக்கிறது.

கம்பைலரின் சீர்மைப்படுத்தல் நிலை காரணம். உருவாக்கத்தின்போது டீபக்குக்கென உள்ள ‘ஓ-ஜி’ நிலையையும், வெளியீட்டுக்கு அளவைக் குறைக்கும் ‘ஓ-எஸ்’ நிலையையும் பயன்படுத்துங்கள். நிலையை உயர்த்தியதும் நிரல் பழுதாகிறது என்றால், பெரும்பாலும் கம்பைலர் குற்றவாளி அல்ல. இன்டரப்ட்டில் மாறும் ஒரு மாறிக்கு ‘வாலட்டைல்’ (இதன் மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று குறிப்பிட மறந்திருக்கக்கூடும்.

ஒரு நிரலை ஏற்றிய பிறகு போர்டுடன் இணையவே முடியவில்லை. சிப் கெட்டுவிட்டதா?

அரிதாகவே கெட்டிருக்கும். டீபக்குக்கு உரிய இரு முனைகளையும் உங்கள் நிரல் சாதாரண முனைகளாக மாற்றியிருக்கலாம், அல்லது தொடங்கியவுடன் சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தியிருக்கலாம். ரீசெட்டை அழுத்திப் பிடித்த நிலையிலேயே புரோப்பை இணைக்கும் வசதி இதற்காகவே உள்ளது. எஸ்.டி.எம்.32 போர்டுகளில் பூட்0 முனையை உயர்நிலையில் வைத்து ரீசெட் செய்தால், உங்கள் நிரலை விட்டுவிட்டு, சிப்பில் ஆலையிலேயே எழுதப்பட்ட பூட்லோடர் ஓடும். இ.எஸ்.பி.32-இல் ஜி.பி.ஐ.ஓ. 0 முனையைக் கிரவுண்டுடன் இணைத்து ரீசெட் செய்ய வேண்டும். பிகோவில் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் அது ஒரு யு.எஸ்.பி. டிரைவாகத் தோன்றும். அதற்கான நிரல் அழிக்கவியலாத ரோம் (படிக்க மட்டுமேயான நினைவகம்) பகுதியில் சிப்பிலேயே பதிக்கப்பட்டுள்ளதால், எந்தத் தவறான நிரலாலும் அதைச் சிதைக்க முடியாது.

லினக்ஸ் ஓடும் போர்டுக்குச் சூழல் எவ்வாறு வேறுபடும்?

இங்கே கம்பைலருடன் சிஸ்ரூட்டும் தேவை. போர்டில் உள்ள நூலகங்கள், ஹெடர் கோப்புகள் ஆகியவற்றின் நகலே சிஸ்ரூட். இதைப் புறக்கணித்தால், கணினியில் நன்றாகக் கம்பைல் ஆன நிரல் போர்டில் ஜி-லிப்சியின் (லினக்ஸ் நிரல்களின் அடிப்படைச் சி நூலகம்) புதிய பதிப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். போர்டில் உள்ளதைவிடப் புதிய பதிப்புடன் இணைத்ததே காரணம். முழு அமைப்பையும் நீங்களே உருவாக்குவதாயின் பில்டுரூட், யோக்டோ ஆகியவை உள்ளன. ஒரு சிறு குழு ஒரே ஒரு போர்டுக்காகப் பணியாற்றுகிறது என்றால் பில்டுரூட்டே என் தேர்வு. பல போர்டுகளையும் பல ஆண்டுப் பராமரிப்பையும் எதிர்நோக்கும் குழுவுக்கு யோக்டோவைக் கற்கச் செலவாகும் காலம் வீணாகாது. டீபக் செய்ய புரோப் வேண்டியதில்லை, போர்டில் ஜி.டி.பி. சர்வரை ஓட்டி வலைப்பிணையம் வழியே இணையலாம்.

குழுவில் ஒருவர் கணினியில் பில்டு ஆவது மற்றவர் கணினியில் ஆவதில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?

கம்பைலரின் பதிப்பை மூலநிரலின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். பதிப்பு மாறினால் உருவாகும் கோப்பின் அளவு மாறும், சில வேளைகளில் நேரக்கணக்கும் மாறும். எந்தப் பதிப்பு என்பதைத் திட்டத்தின் களஞ்சியத்திலேயே எழுதி, வேறு பதிப்பு கண்ணில் பட்டால் பில்டு தானே நிற்கும்படி செய்துவிடுங்கள். கருவிகள் அனைத்தையும் டாக்கர் கண்டெய்னரில் வைப்பது நல்ல வழி. ஆனால் அதற்குள்ளிருந்து யு.எஸ்.பி. வழியாகச் சிப்பில் ஏற்ற முயல வேண்டாம். கண்டெய்னர் பைனரியை உருவாக்கட்டும், ஏற்றுவதை வெளியே செய்யலாம். திட்டக் கோப்புறையின் பாதையில் இடைவெளி வேண்டாம், மேக்ஃபைல்கள் பலவும் அதில் தடுக்கி விழும்.

போர்டு கைக்கு வரும் முன்பே வேலையைத் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். வன்பொருளைத் தொடாத பகுதிகளை, அதாவது தரவு நெறிமுறைகளைப் பிரித்தறிதல், கணக்கீடுகள், நிலைமாற்றத் தருக்கம் ஆகியவற்றை, தனிக் கோப்புகளாக எழுதி உங்கள் கணினியின் சொந்தக் கம்பைலரிலேயே சோதித்துவிடலாம். தொடக்க நிரலையும் லிங்கர் ஸ்கிரிப்டையும் சோதிக்க கியூஇமு உதவும். மைக்ரோபிட் உள்ளிட்ட சில கார்டெக்ஸ்-எம் போர்டுகளை அது போலச்செய்யும், ஜி.டி.பி.யையும் அதனுடன் இணைக்கலாம். பல புறக்கருவிகளையும் சேர்த்துப் போலச்செய்ய வேண்டுமெனில் ரெனோடைப் பாருங்கள். இவற்றில் நேரக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சீரியல் வேகம், ஏ.டி.சி. மாதிரி எடுக்கும் இடைவெளி போன்றவற்றை உண்மைப் போர்டில்தான் அளந்து பார்க்க வேண்டும்.